கோலி ஆட்டம்

கம்ப்யூட்டர் கடைப் பெண் ரெஜினா வேலையை முடிக்கும்வரை சடையாண்டி அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். பழைய கம்ப்யூட்டர் பெட்டியில் பதிந்திருந்த கோலி ஆட்டத்தைப் புதியதற்கு மாற்ற வேண்டும். பழையது கடைக்கு, புதியது வீட்டுக்கு என்று பேச்சு. வாதம் வந்து படுத்த அவர் மனைவி கோமு, அசைகிற இடது கையால் நான்கு வருஷமாக ஆடி அறுநூற்றுப் பன்னிரண்டாம் கட்டத்துக்கு வந்திருந்தாள். அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

“மாத்திட்டேன். வீட்ல போட்டுப் பாருங்க தாத்தா, அப்புறம் பழசை அழிச்சுக்கலாம்” என்றாள் ரெஜினா.

“அதுக்குள்ள நீ ஒரு நகல் எடுத்து வித்துருவே. என் கண்ணு முன்னால அழி.”

“இதை யாரு தாத்தா வாங்குவா? சும்மாவே கிடைக்குது.”

“சும்மா கிடைக்கிறதைத்தான் மொதல்ல திருடுவானுங்க. அழி தாயீ.”

அவள் உதட்டைச் சுழித்துக்கொண்டு மொத்தத்தையும் துடைத்துவிட்டாள். தன்னை ஏமாற்ற இன்னும் ஒருத்தன் பிறக்கவில்லை என்ற தெம்போடு அவர் வீடு வந்து, புதுப் பெட்டியைக் கட்டிலருகே வைத்துத் திறந்தார்.

அதே கோலிகள், அதே உருளுகிற சத்தம். ஆனால் முதல் கட்டம் என்று காட்டியது. ஆடுகிறவர் பெயரென்ன என்று கேட்டது. ஆட்டம் வந்திருந்தது, அவள் ஆடியது வரவில்லை.

கோமு திரையைப் பார்த்தாள். பிறகு கோணிய வாயால் மெதுவாகக் கேட்டாள்: “கடையில யாரைத் திட்டினீங்க?”

சடையாண்டி குனிந்து, அவள் பெயரின் முதல் எழுத்து விசைப்பலகையில் எந்தக் கட்டையில் இருக்கிறதென்று தேடத் தொடங்கினார்.