லாயிடின் துப்பாக்கிப் பெட்டகம்

நான்காவது முறையும் பூட்டு நீளமாகக் கத்திவிட்டு ஊமையாகிவிட்டது. இனி ஐந்து நிமிடத்துக்கு எந்த எண்ணை அழுத்தினாலும் ஏற்காது.

"பாத்தியா, நான் சொன்னேன்ல? பேட்டரியில ஓடுற எதையும் நம்பக்கூடாது," என்றார் லாயிட்.

டப்போ நகரத்திலிருந்து மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தேன். முதுகு விட்டுப்போயிருந்தது.

இருபத்தாறு வருடமாகப் பூட்டிக்கொண்ட பெட்டகங்களைத் திறக்கிறவன் நான். இந்த விவாதம் நடக்காத பண்ணை வீடு கிடையாது. எண் வட்டைச் சுழற்றுகிற பூட்டா, எண் அழுத்துகிற பூட்டா, எது உசத்தி?

சுழற்றுகிற பூட்டு அதை வாங்கியவனைவிட அதிக நாள் இருக்கும். ஆனால் முன்னும் பின்னும் திருகிக்கொண்டே நிற்கவேண்டும், கை நடுங்கினால் மறுபடி முதலிலிருந்து. எண் பூட்டு நொடியில் திறக்கும். சாகும்போதும் நொடியில் சாகும், சொல்லிக்கொள்ளாமல்.

லாயிடிடம் முன்பு சுழற்றுகிற பூட்டுதான் இருந்தது. கண் மங்கிவிட்டது, கோடு தெரியவில்லை என்று அவரே கேட்டதால் போன வருடம் நான்தான் மாற்றினேன். இப்போது பழி என் தலையில்.

கருவியை எடுப்பதற்கு முன் அவருடைய லைசென்ஸை வாங்கிப் பார்த்தேன். எத்தனை வருடப் பழக்கமானாலும் அதைப் பார்க்காமல் நான் துப்பாக்கிப் பெட்டகத்தைத் தொடுவதில்லை. குட்டைச் சேற்றில் நாற்பது ஆடு சிக்கிக் கிடக்கிறது, இனி எழுந்திருக்காது, இன்றைக்கே சுட்டாக வேண்டும் என்றார். மூன்று வருடமாக மழை இல்லை. எல்லாப் பண்ணையிலும் இதே கதைதான்.

பேட்டரியை மாற்றினேன். ஐந்து நிமிடம் கழியக் காத்திருந்து, அவர் சொன்ன எண்ணை நானே அழுத்தினேன்.

அதே நீளமான கத்தல்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேட்டரி தீர்ந்த பூட்டு விட்டு விட்டு முனகும். பழுதான பூட்டு கத்தவே கத்தாது. இந்தப் பூட்டு கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. எண்தான் தப்பு.

யாரோ எண்ணை மாற்றியிருக்கிறார்கள். சுழற்றுகிற பூட்டாக இருந்தால் அதற்கு என்னைப் போல ஒருவன் வந்து பின்பக்கத்தைக் கழற்ற வேண்டும். இதில் பழைய எண் தெரிந்தால் போதும், ஒரு நிமிட வேலை.

நிமிர்ந்து பார்த்தேன். அறை வாசலில் லாயிடின் மனைவி கிளென்டா டீக் கோப்பையோடு நின்றிருந்தார். எனக்காகக் கொண்டுவந்த டீயாக இருக்கவேண்டும். கொடுக்க மறந்துவிட்டிருந்தார்.

துளை போட்டுப் பார்க்கலாம், மின்சார வயர் நீளமாக ஒன்று வேண்டும் என்று சொன்னேன். லாயிட் கொட்டகைப் பக்கம் போனார்.

"குட்டையில ஒரு ஆடும் இல்லப்பா," என்றார் கிளென்டா. "போன மாசமே எல்லாத்தையும் லாரியில ஏத்தி அனுப்பியாச்சு. அதுலேர்ந்து அவர் தூங்கல, ஒழுங்காச் சாப்பிடல. இதைத் திறந்துடாத."

கிளென்டாவுக்கு லைசென்ஸ் கிடையாது. சட்டப்படி அந்த எண் அவருக்குத் தெரிந்திருக்கவே கூடாது. நான் வாயைத் திறந்தால் விஷயம் போலீஸ் வரை போகும்.

லாயிட் வயர்ச் சுருளைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தார்.

உள்ளே சர்க்யூட் கருகிவிட்டது என்றேன். துளை போட்டால் பெட்டகமே வீணாகிவிடும், சிட்னியிலிருந்து புதுப் பாகம் வர மூன்று வாரம் ஆகும் என்றேன். திறக்க முடியாது என்று நான் இதுவரை எந்தப் பெட்டகத்தையும் விட்டுவிட்டுப் போனதில்லை. சொல்லும்போது நாக்கு கூசியது.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சுழற்றுகிற பூட்டைப் பற்றி இன்னொரு பிரசங்கமாவது வரும் என்று நினைத்தேன். அவரோ வயரைத் தரையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கருவிகளைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன். வண்டியைக் கிளப்பும்போது மறுபக்கக் கதவு திறந்தது. லாயிட் ஏறி உட்கார்ந்தார். தொப்பி போடவில்லை. தொப்பி இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. நெற்றியின் மேல்பாதி வெயில் படாமல் வெளுத்துக் கிடந்தது.

வராந்தாவில் கிளென்டா அசையாமல் நின்றார்.

பண்ணைக் கேட்டைத் தாண்டினோம்.

"தப்பு நம்பருக்குத்தான் அது அப்படிக் கத்தும்னு போன வருஷம் நீதானடா சொல்லிக் குடுத்தே," என்றார். "ஒழுங்கா ஒரு பொய் சொல்லக்கூட வரல உனக்கு."

நான் சாலையைப் பார்த்தே ஓட்டினேன்.

கொஞ்ச தூரம் போன பிறகு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்.

"நைங்கன் டவுன் டாக்டர் அஞ்சு மணி வரைக்கும் இருப்பாரா?"

இருப்பார் என்றேன். உண்மையில் எனக்கு அது தெரியாது. ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தேன்.