ஸ்பீக்கர் ஒயர்

“ராப் பாட்டு பிடிக்கலன்னா உங்க பொண்ண வேற ஸ்கூல்ல சேத்துக்கங்கம்மா. அதுக்காக ஸ்பீக்கர் ஒயரப் புடுங்குவாளா?”

உட்காருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லாமலே தலைமையாசிரியர் கமலக்கண்ணன் ஆரம்பித்துவிட்டார். மேசைக்கு இந்தப் பக்கம், வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு ஓடி வந்த சூசைமேரி நின்றுகொண்டிருந்தாள்.

“மூணு நாளா என் பொண்ண வராண்டாவுல நிக்க வச்சிருக்கீங்க. அதக் கேக்கத்தான் சார் வந்தேன்.”

“நிக்கட்டும். மன்னிப்புக் கடிதம் எழுதித் தர்ற வரைக்கும் நிக்கட்டும்.”

ஒன்பதாம் வகுப்பு ஆஷ்லின் ஜன்னலுக்கு வெளியே, புத்தகப் பையை இறக்கக்கூட அனுமதியில்லாமல் நின்றாள். விசாரணை உள்ளே, குற்றவாளி வெளியே. முத்தியால்பேட்டையில் பேர் பெற்ற பள்ளிக்கூடத்தின் நியாயம் அப்படி.

தலைமையாசிரியருக்குப் பக்கத்து நாற்காலியில் அறிவியல் ஆசிரியர் எழிலரசன் இருந்தார். தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தார். பாடத்தையெல்லாம் ராப் பாட்டாகப் பாடி நடத்துகிறார் என்று மூன்று மாதமாக ஊரெல்லாம் பேச்சு. நிர்வாகமே ஆள் அனுப்பி, அவர் வகுப்பை வீடியோ எடுத்தது. அந்தப் படப்பிடிப்பின் நடுவில்தான் ஆஷ்லின் எழுந்து ஓடி ஒயரைப் பிடுங்கிவிட்டாள். அவளை வெளியே அனுப்பிவிட்டு மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள்.

“ஏன் புடுங்கினான்னு அவளக் கேட்டீங்களா சார்?”

“கேக்க என்ன இருக்கு? நீங்க சர்ச்சுல பாடுறவங்களாமே. இதெல்லாம் ரவுடிப் பாட்டுன்னு வீட்டுல சொல்லிக் குடுத்திருப்பீங்க.”

“மாதா கோயில்ல பாடுறேன். அதுக்கும் இதுக்கும் என்னா சார்? அவ சொல்ல வந்தப்ப வாய மூடுன்னீங்களாம்.”

“ஆமா, சொன்னேன். நாப்பது பேரு முன்னால வாத்தியார அவமானப்படுத்திட்டு அப்புறம் விளக்கம் வேறயா?”

எழிலரசன் பெருந்தன்மையாகக் கையை உயர்த்தினார். “விடுங்க சார். எனக்குக் கோவம் இல்ல. ஹிப் ஹாப்னா என்னன்னு இவங்களுக்கு யாரு சொல்லியிருப்பா? அம்மா, அது தெருவுல, ஃபேக்டரியில கஷ்டப்படுற ஜனங்களோட குரல். அடுத்தவங்க வரியத் தொடக் கூடாது, சொந்தமா எழுதணும். அதுதான் அதோட தர்மம். ஒவ்வொரு பாட்டுக்கும் நான் எத்தன நாள் உக்காந்திருப்பேன் தெரியுமா?”

சூசைமேரி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“திங்கக்கிழம இந்த வீடியோ நம்ம நிர்வாகத்தோட ஆறு ஸ்கூலுக்கும் போவுது,” என்றார் கமலக்கண்ணன். “லேப்ல போட்டுக் காட்டிட்டு அங்கயே பசங்கள பரிசோதனையும் செய்ய வைக்கப் போறோம். அதுக்குள்ள கடிதம் வரணும். இல்லன்னா டி.சி. தான்.”

அந்த இரண்டு எழுத்தைக் கேட்டதும் சூசைமேரி ஜன்னலுக்கு வெளியே நின்ற மகளைப் பார்த்தாள். அடுத்த வருஷம் பத்தாவது. வாத்தியாரை எதிர்த்தவள் என்ற பேரோடு நடு வருஷத்தில் வருகிற பெண்ணை எந்தப் பள்ளிக்கூடம் சேர்க்கும்?

“எழுதித் தரேன் சார். அதுக்கு முன்னால அந்த வீடியோவ ஒரு தடவ போடுங்க. எதுக்கு மன்னிப்பு கேக்குறோம்னு தெரியணும்ல.”

கமலக்கண்ணன் அலுத்துக்கொண்டே கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தார். திரையில் எழிலரசன் தோளைக் குலுக்கிக் குலுக்கிப் பாடினார். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டினார்கள்.

*க்ளவுஸு போடு, கண்ணாடி போடு, மூடு உன் ஃபேஸு*
*ஆசிட் முதல்ல, தண்ணி பின்னால, ஊத்து மெல்ல பாஸு*
*அவசரப்பட்டா ஆவி பறக்கும், அப்புறம் உன் கேஸு*

கமலக்கண்ணனின் கால் தன்னால் தாளம் போட்டது. “எப்படி? நாங்க படிச்சப்ப இந்த மாதிரி யாரு நடத்தினாங்க?”

“நிறுத்துங்க சார்.” சூசைமேரியின் குரல் உயர்ந்துவிட்டது. “இந்த ரெண்டாவது வரியிலதான் என் பொண்ணு ஒயரப் புடுங்கினா. தண்ணியிலதான் ஆசிட்ட ஊத்தணும். ஆசிட்டுல தண்ணிய ஊத்துனா கொதிச்சு மூஞ்சியிலயே தெறிக்கும், கண்ணு போயிடும். சார் மாத்திப் பாடியிருக்காரு. திங்கக்கிழம ஆறு ஸ்கூல் புள்ளைங்களும் இதப் பாடிக்கிட்டே ஊத்தப் போவுதுங்க. இதச் சொல்ல வந்தவளத்தான் மூணு நாளா வெளிய நிக்க வச்சிருக்கீங்க.”

எழிலரசனின் கை தொப்பிக்குப் போனது. “அது... பாடுற வேகத்துல ரெண்டு வார்த்தை முன்னப்பின்ன ஆயிருச்சு சார்.”

கமலக்கண்ணனுக்கு முகம் வெளுத்தது. ஆனால், தப்பு தன் பக்கம் என்று தெரிந்த பிறகும் குரலை இறக்க அவருக்கு மனசு வரவில்லை.

“சரிம்மா, திருத்திக்கலாம். நாள் கணக்கா உக்காந்து எழுதினவருக்கே தவறிப்போன வரி உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? நீங்க என்ன கெமிஸ்ட்ரி படிச்சவங்களா?”

“எட்டாவதோட நின்னுட்டேன் சார்,” என்ற சூசைமேரி, அவரை விட்டுவிட்டு எழிலரசனைப் பார்த்தாள். “போன மாசம் ஆஷ்லின் நோட்டுல பாத்துட்டு, யாரு எழுதினதுன்னுகூட கேக்காம செல்லுல படம் புடிச்சுக்கிட்டீங்களே, அது எங்க பேட்டரி கம்பெனிக்கு ஆசிட் கலக்கப் புதுசா வர்ற பொண்ணுங்களுக்காக நான் கட்டின பாட்டு சார், ஏழு வருஷமா அதப் பாடிக்கிட்டே வேல செய்யிற ஒருத்தி மேலயும் இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு தெறிச்சதில்ல.”