காது தெரியணும்

"மூச்சு விடும்மா. மாடல்னா மூச்சு விடக்கூடாதுன்னு யாரும் சொல்லல."

போட்டோகிராபர் கேமராவை இறக்கினான். அந்தப் பெண் மூச்சு விட்டாள். தோள் தளர்ந்தது, கழுத்து லேசாகச் சாய்ந்தது, முகத்துக்கு உயிர் வந்தது. அவன் அவசரமாகக் கேமராவைத் தூக்கினான். அவ்வளவுதான், மறுபடி விறைத்துப் போனாள். தலை நேர், தோள் நேர், வாய் மூடி, கண்ணை அகல விரித்து நின்றாள். போதாததற்குக் கூந்தலை வேறு ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டாள்.

காலை எட்டு மணியிலிருந்து இதே கதைதான். பூங்காவில் ஒரு மரம் பாக்கியில்லை. படகுத்துறையில் நிற்க வைத்தாயிற்று, புல்லில் உட்கார வைத்தாயிற்று. வெயில் ஏறிக்கொண்டே போனது.

"சாரி சார். கேமராவைப் பாத்தாலே தானா அப்படி ஆயிடுது."

"பயமா?"

"பயமெல்லாம் இல்ல சார். பழக்கம்."

என்ன பழக்கம் என்று அவன் கேட்டிருக்கலாம். ஆனால் அவனுக்குக் கேட்கும் வழக்கம் கிடையாது, சொல்லும் வழக்கம்தான்.

"இன்னைக்குச் சாயங்காலம் ஏஜென்சிக்குப் படம் போயாகணும். தெரியுமில்ல?"

"தெரியும் சார். இது எடுபடலைன்னா அப்பாகூடக் கடையில உக்காரணும், அதான் பேச்சு. பத்தொம்பது வயசுல அதுக்குள்ள போனா அம்பதுலதான் வெளிய வருவேன்."

சொல்லும்போதே அவள் கண் கலங்கியது. அவனுக்குப் பாவமாக இருந்தது. உடனே கேமராவைத் தூக்கினான். கலங்கிய கண்ணோடு அவள் விறைத்து நின்றாள்.

கொஞ்ச தூரத்தில் பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். வந்ததிலிருந்து மனிதர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கேமரா மேலே போகும்போதெல்லாம் அவர் விரல் மட்டும் தன் காதருகே போய் வந்தது. அதைப் பார்த்ததும் போட்டோகிராபருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்பன் கண்ணாலேயே மிரட்டுகிறான், பிள்ளை எப்படிச் சிரிக்கும்?

நேராக அவரிடம் போனான்.

"சார், அப்படியே ஒரு நடை போயிட்டு வாங்களேன். பொண்ணு கூச்சப்படுது."

"கூச்சமா? அவளுக்கா?" அவர் எழுந்தார். "தப்பா நினைக்காதீங்க தம்பி. முடி பறந்து காதை மறைக்குது. முகத்துல பாதி நிழல் விழுது. இதையெல்லாம் எவன் ஒத்துக்குவான்?"

"அது கலை சார். உங்களுக்குப் புரியாது."

"அப்படியா?" அவர் கோபப்படவில்லை. "நான் ஒண்ணே ஒண்ணு எடுத்துப் பாக்கட்டுமா?"

தொலையட்டும் என்று கேமராவை நீட்டினான். அவர் மகளைக் கூட்டிப்போய்ப் பூங்காக் கழிப்பறையின் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார். "காது" என்றார். அவள் கூந்தலை ஒதுக்கினாள். ஒரே ஒரு க்ளிக். பத்து விநாடிகூட ஆகவில்லை. கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சொன்னபடி நடக்கப் போனார்.

போட்டோகிராபர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெண்ணிடம் வந்தான்.

"போதும்மா, கேமராவை இறக்கிட்டேன். சும்மா பேசுவோம். உங்கப்பா வீட்லயும் இப்படித்தானா?"

"ஐயோ, அதை ஏன் கேக்குறீங்க. விருந்தாளி வந்தாக்கூட, 'முதுகை நிமித்தி உக்காருங்க'ன்னுதான் சொல்வாரு."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். காற்று கூந்தலை அள்ளி முகத்தில் போட்டது. தலை சாய்ந்தது, இலைகளின் நிழல் பாதி முகத்தில் விழுந்தது. அவன் இடுப்பில் தொங்கிய கேமராவைச் சத்தமில்லாமல் அழுத்தினான். திரையில் பார்த்தபோது அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. பத்து வருடத் தொழிலில் இப்படி ஒரு படம் அவனுக்கு அமைந்ததில்லை.

சாயங்காலம் படங்கள் போயின. "அப்பா எடுத்ததையும் வைங்க சார், சந்தோஷப்படுவாரு" என்று அவள் கெஞ்சியதால், அதையும் கடைசியில் செருகினான்.

மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது.

"சார், என்னை எடுத்துட்டாங்க. மொத வேலையே பெரிசு. எல்லா ஊர்லயும் ஒட்டுவாங்களாம். நீங்க எடுத்த அந்தச் சிரிப்புப் படமும் வருது."

அதற்குப்பின் அவன் யாரைப் பார்த்தாலும் இதையேதான் சொன்னான். எல்லா ஊரிலும் என் படம். எதற்கான விளம்பரம் என்று அவளிடம் கேட்கத்தான் தோன்றவில்லை.

அந்தத் தெம்பில் வெளிநாட்டில் நடக்கும் ஒரு புகைப்படப் பட்டறைக்கு விண்ணப்பித்தான். விசா அலுவலகத்தில், அவன் தானே எடுத்துக் கொடுத்த தன் படத்தைத் திருப்பித் தள்ளினார்கள். சாய்ந்த தலை, பாதி நிழல், மெல்லிய புன்னகை.

"இது செல்லாது சார். எதிர்ல கடை இருக்கு, அங்க எடுத்துட்டு வாங்க."

எதிரே இருந்தது சின்னக் கடை. ஒரு வெள்ளைத் திரை, ஒரு ஸ்டூல், கேமராவுக்குப் பின்னால் அந்த அப்பா.

"வாங்க தம்பி. முப்பது வருஷமா பாஸ்போர்ட் போட்டோதான் நம்ம தொழில். லைட் சரிபாக்கச் சின்ன வயசுலேர்ந்து அவளைத்தான் இந்த ஸ்டூல்ல உக்கார வைப்பேன். இப்ப அவளுக்கு இங்க வரவே நேரமில்ல, அடுத்த ஷூட்டிங் போயிருக்கா. உக்காருங்க."

உட்கார்ந்தவன் எதிர்ச் சுவரைப் பார்த்தான். புத்தம்புது அட்டை ஒன்று மாட்டியிருந்தது. 'விசா படம் எப்படி இருக்க வேண்டும்?' இடது பக்கம், வெள்ளைச் சுவருக்கு முன்னால் விறைத்து நிற்கும் பெண், அருகே பச்சை நிறத்தில் ஒரு டிக். வலது பக்கம், கூந்தல் பறக்க, பாதி நிழலில், தலை சாய்த்துச் சிரிக்கும் அதே பெண். அவள் முகத்துக்குக் குறுக்கே சிவப்பில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி.

"நேரா பாருங்க தம்பி" என்றார் அப்பா. "காது தெரியணும். சிரிக்கக்கூடாது."

கடைசியாகச் சொன்னதை அவர் சொல்லியிருக்கவே வேண்டாம்.