விட்டுப்போன வண்டி

“இந்த வண்டி உங்களைவிட இளசுன்னு எந்த மகான்மா சொன்னான்?”

துருப்பிடித்த சைக்கிள் ஃபிரேமை மேஜைமேல் தலைகீழாகக் கிடத்திக்கொண்டே கேட்டார் மெக்கானிக். பழைய வண்டிகளை முதலில் இருந்த மாதிரியே ஆக்கித் தருவதில் அவர் பேர்போனவர்.

“ரெண்டு கடையில சொல்லிட்டாங்கய்யா,” என்றாள் மருந்துக்கடை நடத்தும் அந்தப் பெண். “நான் பிறந்த பிறகு வந்த மாடலாம். அப்போ ஆஸ்பத்திரியில வருஷக்கணக்கா வச்சிருந்து, எங்கம்மாகிட்ட வேற யார் வண்டியையோ மாத்திக் கொடுத்துட்டாங்கன்னுதானே அர்த்தம்? நான் யாரைன்னு போய்த் தேடுறது?”

“கவலைப்படாதேம்மா. வண்டி வயசுன்னா இவர் புலி,” என்றாள் டியூப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி. “என் வயசைக் கேட்டாத்தான் பேந்தப் பேந்த முழிப்பாரு.”

“தெரியும். சொன்னா ராத்திரிச் சாப்பாடு கிடைக்காது,” என்றவர், கம்பி பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தார்.

“அந்தக் கடைக்காரங்க முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஃபோர்க்கைப் பார்த்து வயசு சொல்லியிருக்காங்கம்மா. இது பின்னால மாத்தினது. யாராவது எங்கயாவது மோதினீங்களா?”

“எங்கப்பாதான்! மாமனார் வீட்டு கேட்டுலயே கொண்டுபோய் மோதினாரு.”

“அதான். ரெண்டு பெடலுக்கும் நடுவுல இருக்கிற குழாய்க்கு அடியில பாருங்க, பழைய நம்பர் வரிசை. குழாய்ங்க சேர்ற மூலையில இந்தப் பூவேலையும் அப்புறம் நிறுத்திட்டாங்க. உங்களுக்கு இது அக்கா முறை.”

“அப்போ அவர் வண்டிதான்!” அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“எவர்?”

“நான் வயித்துல இருந்தப்போ அம்மாவுக்கு நடுரோட்டுல வலி கண்டிடுச்சு. ஈ காக்கா இல்ல. இதுல வந்தவர் இறங்கி, அம்மாவை கேரியர்ல உட்காரவச்சு, தள்ளிக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினாராம். கொஞ்சம் பிந்தியிருந்தாலும் ரெண்டு பேரும் இல்லைன்னாராம் டாக்டர். வாசல்ல நின்ன போலீஸ்காரர் பேரைக் கேட்டதும், வண்டியைச் சுவத்துல சாய்ச்சுட்டு அப்படியே போயிட்டாராம். திரும்பி வரவே இல்ல.”

“பேர்கூட வேண்டாம்னு போக எவ்வளவு பெரிய மனசு வேணும்!” என்று உருகினாள் மனைவி.

“வண்டியைப் புதுசாக்கி அவர் கையில கொடுத்துக் கும்பிடணும். அம்மா கண்ணை மூடுறதுக்குள்ள சொந்தக்காரரைக் கண்டுபிடிச்சுடணும்யா.”

மெக்கானிக்கின் பிரஷ் ஓரிடத்தில் நின்றது. சீட்டுக்குக் கீழே, பித்தளை உருக்கி ஒட்டிய பழைய ஒட்டு ஒன்று கோணல்மாணலாகத் தெரிந்தது.

“எந்தக் கத்துக்குட்டி பார்த்த வேலையோ!” என்று மனைவி சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. ஒட்டை விரலால் தடவினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சொந்தக்காரர் யார்னு தெரிஞ்சுபோச்சும்மா. ஆனா நீங்க கும்பிட வேண்டியது அவரை இல்ல.”

“பின்ன யாரை?”

“கடைவீதியில நான் நிறுத்தியிருந்த இந்த வண்டியை அன்னிக்குத் திருடிக்கிட்டுப் போனானே, அவனை. இத்தனை வருஷமாத் திட்டினதெல்லாம் வாபஸ். எங்க இருந்தாலும் அந்தப் பய நல்லா இருக்கட்டும்!”