சீனன் வீட்டில் அய்யா

சுதந்திரம் வந்த வருஷம் பினாங்குக்குக் கப்பலேறிய வைகுண்டமணி, அங்கே சொந்தமாக வீடு வாங்கிவிட்டு, மனைவியைக் கூட்டிப்போக ஊருக்கு வந்திருந்தான். செல்லத்தங்கம் பயணப் பெட்டியைத் தொடவே இல்லை.

"வீடு வாங்கினது சரி. அங்க நம்ம அய்யாவக் கும்பிட நிழல் தாங்கல் உண்டுமா?"

"இல்ல."

"அப்ப நீங்க போங்க. கும்பிடாம ஒரு நாள் நான் இருந்ததில்ல."

"அந்த வீட்டுக்குள்ளயே அய்யா இருக்காருட்டி. அதப் பாத்துதான் வாங்கினேன். தலைப்பா கட்டி நின்னு கும்பிட்டேன். கண்ணு நெறஞ்சு போச்சு."

"ஆரு வச்சா?"

"வீட்ட வித்த சீனன்."

"சீனனும் அய்யா வழியா?"

"இல்ல. அவன் பெண்டாட்டி தல சீவ வச்சிருந்தா. நான் கும்பிட்டதப் பாத்து, தன் அழகுல இவனுக்கு இவ்வளவு கிறுக்கான்னு நெனச்சிருப்பான்."

செல்லத்தங்கத்துக்கு அப்போதுதான் புரிந்தது. ஆளுயரக் கண்ணாடி. தாங்கலிலும் சிலை கிடையாது, கண்ணாடிதான். அதில் தெரிகிற தன் உருவத்தில் அய்யாவைக் கண்டு கும்பிடுவது அவர்கள் வழக்கம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காத. கல்யாணத்தன்னிக்குத் தாங்கல்ல கும்பிட்டப்ப நாம ரெண்டு பேரும் தெரிஞ்சோம். அங்க நான் மட்டும்தான் தெரிஞ்சேன்."

அவள் சிரிப்பு நின்றது. பிறகு எழுந்துபோய், கொடியில் கிடந்த சேலைகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.