அசுத்தமான வீடு

“என்னய்யா இது, புரொஜெக்டரா அடுப்பா? சர்க்கார் கொடுத்த ஃபிலிமைப் பொசுக்கி வச்சிருக்கீரே!”

இன்ஸ்பெக்டர் ஃபிலிம் சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். நடுவில் ஒன்று மட்டும் கருகிக் குமிழ் விட்டிருந்தது.

ஆசீர்வாதம் வாத்தியார் கைகட்டி நின்றார்.

“ஒரே படத்துல ரொம்ப நேரம் நிறுத்தினா விளக்குச் சூட்டுல கருகிடும்னு திருவள்ளூர்ப் பயிற்சியில சொன்னாங்களா இல்லையா?”

“சொன்னாங்க சார்.”

“அப்புறம்?”

“மறந்துட்டேன் சார். இப்பத்தான் பழகிக்கினு இருக்கேன்.”

தலைமையாசிரியர் ஆதிகேசவன் குறுக்கே வந்தார். “நான் அப்பவே சொன்னேன் சார், சின்ன வயசுக்காரனா ஒருத்தனைப் பயிற்சிக்கு அனுப்பலாம்னு. இவருக்கு சாக்பீஸே போதும்.”

“இன்னிக்குச் சாயந்திரம் ஊரே வந்து உட்காரப்போவுது. முக்கியமான படத்தையே காணோம்!” இன்ஸ்பெக்டர் சுருளை மேசையில் போட்டார். “மிச்சத்தை ஓட்டுங்க. நாளைக்குக் கருவியைப் புதுவாயல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடுங்க. இவர் லாயக்கில்லைன்னு நான் ரிப்போர்ட் எழுதறேன்.”

ஆசீர்வாதம் சுருளை எடுத்து டப்பாவில் வைத்தார்.

போன வாரம்தான் அந்தச் சுருளை முதன்முதலாக வகுப்பில் ஓட்டிப் பார்த்தார். ஜன்னல்களில் கோணி கட்டி, சுவரில் வேட்டி விரித்திருந்தார். பிள்ளைகளெல்லாம் ‘பயாஸ்கோப்பு, பயாஸ்கோப்பு’ என்று குதித்தார்கள். சுகாதாரப் பாடம். சுத்தமான வீடு ஒன்று வந்தது. படத்தை நகர்த்தும் திருகைச் சுற்றினார். அடுத்தது வந்தது. ஒரு குடிசை, வாசலில் சாக்கடைத் தேக்கம், பக்கத்தில் பன்றி. தேக்கத்தின் ஓரமாகக் குந்திப் பாத்திரம் துலக்கிக்கொண்டு ஒரு பெண். யாரோ படமெடுக்கிறார்களே என்று நிமிர்ந்து சிரித்திருந்தாள்.

கீழே எழுதியிருந்தது: ‘அசுத்தமான வீடு. நோயின் பிறப்பிடம்.’

“டேய், இது நம்ம செண்பகம் ஊடுடா!”

“ஆமாண்டா! போன வருஷம் காலராவுல செத்துப்போச்சே, அவுங்கம்மாடா அது!”

“பன்னியும் போஸு குடுக்குது பாரு!”

வகுப்பு சிரித்தது. செண்பகம் அழவில்லை. வேட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவுமில்லை. உதடு மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. வாத்தியார் அவசரமாகத் திருகைச் சுற்றிவிட்டார்.

மணி அடித்த பிறகு அவள் கருவியருகில் வந்து நின்றாள்.

“இன்னாம்மா?”

“ஒண்ணும் இல்ல சார்.” ஓடிவிட்டாள்.

அவர் நேரே தலைமையாசிரியரிடம் போனார். “அந்த ஒரு படத்தை மட்டும் தள்ளிட்டு ஓட்டலாமா சார்?”

“அதுதானய்யா பாடமே! சேரியில ஜீப்போட வந்து எடுத்துக்கினு போனாங்களே, மறந்துட்டீரா? அதுல நிறுத்தி நல்லா விளக்கணும்னு இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கார்.”

“ஊருக்கு முன்னால அந்தப் பொண்ணு...”

“இருக்கட்டுமே. ஊட்டைச் சுத்தமா வச்சிக்கினு இருந்தா இந்த மானக்கேடு வருமா?”

ஆசீர்வாதம் பிறந்ததும் அப்படி ஒரு குடிசையில்தான். இந்தப் பள்ளிக்கூடத்தில் அதை யாரிடமும் அவர் சொன்னதில்லை.

அன்று பள்ளி விட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி சுருளை ஓட்டினார். அந்தப் படம் வந்ததும் திருகிலிருந்து கையை எடுத்தார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சுவரில் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு முகம் பழுப்பேறியது, சுருங்கியது, கறுத்தது. கருகல் வாடை போகும்வரை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

இப்போது இன்ஸ்பெக்டர் திட்டியது ஒன்றும் அவருக்கு உறைக்கவில்லை. ஒரு பெண்ணின் மானத்துக்கு முன்னால் ரிப்போர்ட் என்ன பெரிய ரிப்போர்ட்!

சாயந்திரம் கூட்டம் நெரிந்தது. சேரிச் சனம் பின்னால் ஓரமாக உட்கார்ந்திருந்தது. அதில் செண்பகத்தின் அப்பன் தணிகாசலமும் இருந்தான். சூளை வேலைக்குப் போகாமல், வெளுத்த சட்டை போட்டு, இடுப்புக் குழந்தையோடு வந்திருந்தான். அக்கா, மச்சான், மாமியார் என்று உறவே திரண்டு வந்திருந்தது.

படங்கள் ஓடின. கருகின இடம் வந்ததும் ஆசீர்வாதம் சட்டென்று திருகிவிட்டார். ஒரு கறுப்பு நிழல் வேட்டியில் ஓடி மறைந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு மூச்சு வந்தது.

முடிந்தது. கோணிகளை அவிழ்த்தார்கள். ஊர் எழுந்து போயிற்று. தணிகாசலமும் அவன் ஆட்களும் மட்டும் உட்கார்ந்தே இருந்தார்கள்.

ஆசீர்வாதம் கிட்டே போனார். “அவ்ளோதான் தணிகாசலம். ஒண்ணும் கவலைப்படாதே, ஊட்டுக்குப் போ.”

அவன் எழுந்திருக்கவில்லை. மடியிலிருந்த இலைப் பொட்டலத்தைப் பிரித்தான். உள்ளே கதம்பச் சரம்.

“அவுங்கம்மா துணியில சிரிக்கிறாங்கன்னு செண்பகம் வந்து சொல்லுச்சு சார். எங்கிட்ட அவ போட்டோ ஒண்ணுகூட இல்ல. இந்தச் சின்னதுக்கு அவ மொகமே தெரியாது.”

குழந்தையைத் தூக்கி, வெறும் வேட்டி தெரியும்படி தோளில் உட்கார வைத்துக்கொண்டான்.

“அவ எப்ப சார் வருவா?”