அழைத்தால் வருகிறவர்

"நான் வரமாட்டேன். ஒத்திகைக்கும் வரமாட்டேன், நெசமாவே வெள்ளம் வந்தாலும் வரமாட்டேன். போயி உங்க சார்கிட்ட சொல்லு."

கையில் இருந்த பொம்மையைக் கீழே வைக்காமலே சொன்னார் பழமலை. வெண்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மனுஷர் என்னமாய் நடிக்கிறார்!

விஷயம் இதுதான். மணிமுத்தாற்றில் வெள்ளம் வந்தால் கரையோரத் தெருக்காரர்களை எப்படிப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வருவது என்று கோகுல்ராஜ் சார் ஒரு மாதமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். இன்று ஒத்திகை.

"தெருவுக்கு ஒருத்தரைப் பிடிவாதமா நடிக்கச் சொல்லி வெச்சிருக்கேன். கையைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. பொய் சொல்லக் கூடாது. பேசியே கூட்டிட்டு வரணும். முதல்ல கூட்டிட்டு வர்றவங்கதான் குழுத் தலைவர்" என்று சொல்லி, ஆளுக்கொரு வீட்டின் அடையாளமும் கொடுத்து அனுப்பியிருந்தார்.

வாயாடி என்று வகுப்பில் பெயர் வாங்கியவள் வெண்பா. பேசுவதற்கே ஒரு பதவி கிடைக்கிறது என்றால் விடுவாளா?

"எதுக்கு மாமா வரமாட்டேங்கிறீங்க?"

"பாத்தா தெரியல? எல்லாம் பச்சைப் பொம்மை. இன்னும் சூளைக்குப் போவல. தண்ணி பட்டா கரைஞ்சி களிமண்ணாப் பூடும். யாரு பாத்துப்பா?"

வெண்பா அண்ணாந்து பார்த்தாள். "பரண் காலியாத்தானே இருக்குது? நான் எடுத்துக் குடுக்குறேன், நீங்க மேல அடுக்குங்க."

பிள்ளையார், குதிரை, உண்டியல் பூனை எல்லாம் பரணேறின.

"நாய் இருக்குது. அதை வுட்டுட்டு வரமாட்டேன்."

"அதையும் கூட்டிட்டு வாங்க. கயித்த நான் புடிச்சிக்கிறேன்."

"கடிக்கும்."

"எங்க கிளாஸ் வளவனையே சமாளிக்கிறேன் மாமா. இது எம்மாத்திரம்?"

பழமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவசரமாக முகத்தை இறுக்கிக்கொண்டார். "எனக்கு இஷ்டமில்ல. வுட்டுடு."

"இதெல்லாம் ஒரு காரணமா மாமா? நெசமான காரணத்தைச் சொல்லுங்க."

அவர் பக்கத்து வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"போன தடவ தண்ணி வந்தப்ப தெருவே கெளம்பிப் போச்சு. பக்கத்து வூட்டுலதான் என் கூடப்பொறந்த தம்பி இருக்கான். பொண்டாட்டி, புள்ளைங்க, ஆடு, கோழின்னு எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போனான். 'அண்ணே, வா'ன்னு ஒரு வார்த்த கூப்புடல. நான் மட்டும் மொட்டை மாடியில நனைஞ்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். அன்னையிலேருந்து பேச்சுவார்த்த இல்ல. கூப்புடாத எடத்துக்கு நான் ஏன் வரணும்?"

சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. சார் சொல்லிக்கொடுத்த வசனத்துக்குக் கண்ணீர்கூட வரவழைக்கிறாரே என்று வெண்பா அசந்துபோனாள். நடிப்பு என்று தெரிந்தும் அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"அதான் நான் கூப்புடுறேனே மாமா. வாங்க. நீங்க வராம நானும் போவமாட்டேன்."

பழமலை அவளையே பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நாயை அவிழ்த்தார்.

பள்ளி மைதானத்தில், அழைத்ததும் வந்துவிட்ட சமர்த்தர்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பழமலையையும் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வெண்பா ஓடினாள்.

"கூட்டிட்டு வந்துட்டேன் சார்! என்னா நடிப்பு சார் அவரு! அழுதே காட்டிட்டாரு!"

கோகுல்ராஜ் சார் விழித்தார். "யாரும்மா இவரு? நான் நடிக்கச் சொன்னது வேற ஆளு. வாசல்ல உடைஞ்ச வாஷ்பேசின்ல ரோஜாச்செடி வெச்ச வீடுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"அந்த வீட்டுக்குத்தான் சார் போனேன்!"

"பீங்கான் கம்பெனியில கழிச்ச பேசின்ல செடி வெக்காத வாசல் எங்க தெருவுல எங்க சார் இருக்குது?" என்றார் பழமலை.

பெஞ்சுகள் சிரித்தன. இந்த வருடம்தான் கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்த சாரும், மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் வெண்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப நீங்க சொன்னதெல்லாம்..." என்று இழுத்தாள் வெண்பா. பழமலை குனிந்து நாயைத் தடவிக்கொடுத்தார்.

அப்போது கேட்டைத் தள்ளிக்கொண்டு கோபமாக உள்ளே வந்தார் ஒருவர்.

"என்னா சார் இது? நடிக்கச் சொன்னீங்களேன்னு வசனத்த மனப்பாடம் பண்ணிக்கிட்டு காலையிலேருந்து வாசல்லயே உக்காந்திருக்கேன். தெருவே கெளம்பி வந்துடுச்சு. என்னை மட்டும் ஒருத்தரும் வந்து கூப்புடல!"

பெஞ்சில் இருந்தவரைப் பார்த்ததும் அவர் வாய் தானாக மூடிக்கொண்டது.

பழமலை கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். "நான் கூப்புடுறேன்டா தம்பி. வா, வந்து உக்காரு."